மீண்ட கடனும் மீளாத வாழ்வும்

சமூகத் திட்டமொன்றை மதிப்பிடப் புகுவோர் முதலில் ஓர் அளவுகோலைத் தெரிந்துகொள்கின்றனர். அத்தெரிவு வெறுங் கணித வேலையன்று. எதை அளப்பது என்று முடிவு செய்யும்போதே, எவருடைய துன்பம் கணக்கில் வராது என்பதும் முடிவாகிவிடுகிறது.

வன்னியின் நுண்கடனை எடுத்துக்கொள்வோம். 2009இல் போர் முடிந்தபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மீளக்குடியேறிய பெண்களை நாடி அது வந்தது. ஈடு வேண்டியதில்லை, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும். கடன் வழங்கியோர் தம் வெற்றிக்குச் சான்றாகக் காட்டியது, கடன் மீளச் செலுத்தப்பட்ட வீதத்தை.

அத்தவணைப் பணம் எங்கிருந்து வந்தது? ஆடு வளர்த்த ஆதாயத்தில் கட்டிய நூறு ரூபாவும், வேறொரு கம்பனியிற் கடன்பட்டுக் கட்டிய நூறு ரூபாவும் பேரேட்டில் ஒன்றே. தான் தவறினால் அயலாள் கட்டவேண்டுமே என்ற அச்சமும் அவ்வீதத்தை உயர்த்தும். அங்ஙனமாயின், அளக்கப்படுவது முன்னேற்றமா, அச்சமா?

2018இல் அரசு, வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வன்னி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கின. வேண்டிய நிவாரணமே, எனினும், மூன்று மாதமேனும் தவணை தவறிய கடன்களுக்கே அது உரியதாயிற்று. தோட்டை அடகு வைத்துத் தவறாது கட்டியவளுக்கு அதில் இடமில்லை. கட்டியவள் நலமாயிருக்கிறாள் என்ற கம்பனியின் எண்ணத்தையே அரசும் ஏற்றுக்கொண்டது.

உண்மையை எழுதினால் உள்ள கடனும் நின்றுவிடும், அப்பெண் வட்டிக்காரனின் வாசலுக்குப் போகநேரும் என்று சிலர் தடை எழுப்புவர். இவ்வச்சம் பொய்யன்று. ஆயினும், உண்மையை மறைப்பவர் அவளைக் கேளாமலே அவளுக்காகத் தீர்மானித்துவிடுகிறார். இக்கடன் போதுமா, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் வலுப்பெற வேண்டுமா என்று சொல்லும் உரிமை அவளுடையது.

நம் வகுப்பறைகளிலிருந்து நாளை படிவமும் பேனாவுமாய் அக்குடிசைகளுக்குச் செல்வோர் நம் மாணவரே. தவணை வசூலிப்பவர் இல்லாத இடத்தில் வினவவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அறிக்கை கொழும்புக்குப் போகுமுன் அவ்வூரிலே தமிழில் வாசிக்கப்படவேண்டும். ‘இது எங்கள் வாழ்க்கையன்று’ என்று ஊரவர் கூறின், அவர்கள் கூற்றும் அவ்வறிக்கையில் ஏறவேண்டும்.