வேடிக்கை பார்க்கிறவன்

எங்களுக்குக் கல்யாணமாகி 40 வருஷம் நிறைந்ததை முன்னிட்டு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் எங்கள் இருவரையும் ஜெனீவாவுக்கு அனுப்பி வைப்பதென்று தீர்மானித்துவிட்டான். குற்றாலத்துக்குப் போய் நாலு நாள் அருவியில் குளித்துவிட்டு வந்தால் போதும் என்பது என் கட்சி. வீட்டில் அந்தக் கட்சிக்கு ஓட்டு ஒன்றுதான். என் மனைவிக்கு ஸ்விட்ஜர்லாந்து சினிமாப் பாட்டுக்களின் வழியாக வெகுகாலமாகவே பழக்கமான தேசம். பனிமலை, அதன் காலடியில் ஏரி, ஏரிக்கரையில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுந்தால் போதும் என்கிறாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

ஒரு பெஞ்சுக்காக விஸா தரமாட்டார்கள். மனுவோடு தினசரி நிகழ்ச்சிநிரலையும் இணைக்கவேண்டும். ஆகவே ஒரு மாசமாக எங்கள் சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு காகிதம் கிடக்கிறது. ஆறு நாள், ஒவ்வொரு நாளுக்கும் காலை, மத்தியானம், சாயங்காலம். முதல் நாள் ஏரிக்கரை, 1955-ல் அமைத்த பூக்கடிகாரம், 140 மீட்டர் உயரத்துக்குப் பீறிடும் நீர்த்தாரை. இரண்டாம் நாள் மேட்டிலிருக்கும் பழைய நகரம், கால்வின் பிரசங்கம் செய்த தேவாலயம், ரூஸோ பிறந்த தெரு. ரூஸோவின் புத்தகங்களை 1762-ல் கொளுத்திய ஊர்தான் பிற்பாடு ஒரு சிறு தீவுக்கு அவர் பெயரை இட்டு அதில் சிலையும் வைத்திருக்கிறது. இதில் ஜெனீவாக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எழுத்தாளனைச் செத்த பிறகு கொண்டாடுவதில் நாமும் யாருக்கும் இளைத்தவர்களல்ல. மூன்றாம் நாள் ஏரியின் கீழ்க்கோடியில் இருக்கும் ஷில்லோன் கோட்டை. கப்பலிலேயே போகவேண்டுமென்றால் ஒரு பகல் அதிலேயே கழிந்துவிடும். போவது ரயிலில், கப்பலில் ஒரு சின்ன நடை மட்டும் என்று மகன் திருத்தினான். நாலாம் நாள் எல்லை தாண்டி பிரான்ஸுக்குள் போய் மான்ட் பிளாங்க் சிகரம். ஐந்தாம் நாள் ஐக்கிய நாடுகள் மாளிகையும், அதன் பக்கத்திலிருக்கும் செஞ்சிலுவை மியூசியமும். ஆறாம் நாள் சாக்லேட். கைக்கடிகாரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதாக உத்தேசம்.

இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மாலை சுசீந்திரம் குளக்கரைக்குப் போனேன். என் நண்பர் ஒருவர், ரிட்டயரான தலைமையாசிரியர், அங்கே தினமும் நடப்பார். நாஞ்சில் நாட்டில் ஏரி என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் நின்றால் அது குளம். அது எத்தனை பெரிதானாலும் சரி.

"கொளத்தைப் பாக்கவா ஓய், அம்புட்டு தூரம் போறீரு?" என்றார் காகிதத்தைப் பார்த்துவிட்டு.

"இது 580 சதுர கிலோமீட்டர் உள்ள குளம் அண்ணாச்சி. நம்ம ஜில்லாவில மூணில ஒரு பங்கு."

"அப்பம் சரி" என்றார். "மடை எங்கே இருக்கு?"

மடை ஜெனீவாவில்தான் இருக்கிறது. ரோன் நதி ஒரு கோடியில் ஏரிக்குள் புகுந்து மறு கோடியில் ஊரின் நடுவே வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தைக் கொண்டு 1886-ல் தொழிற்கூடங்களுக்கு அழுத்தத் தண்ணீர் அனுப்பினார்கள். சாயங்காலம் கூடங்களை மூடியதும் குழாயில் அழுத்தம் ஏறிவிடும். வெடிக்காமலிருக்க ஒரு வால்வைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வானத்தில் பாய்ந்தது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கிறவர்கள் இருப்பதைப் பார்த்த நகராட்சி, 1891-ல் அதை ஏரிமுகத்துக்குக் கொண்டுவந்து ஊருக்கே அடையாளமாக்கிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் விடுவதற்காக 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணைக்கு நாம் புளியோதரை கட்டிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரிதான்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது விஸா பாரத்தில் எனக்கிருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். பிரயாணத்தின் நோக்கம் என்ன என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. வியாபாரம், படிப்பு, வைத்தியம், உறவினரைக் காண்பது என்று கட்டங்கள். "சுற்றுலா"வில்தான் குறி போடவேண்டும். எனக்கு என்னவோ அந்த வார்த்தை நாக்கில் ஒட்டவில்லை.

"வேடிக்கை பாக்கன்னு போடும்" என்றார் நண்பர்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்தச் சொல் கூடவே வந்துவிட்டது.

நம்முடைய பாஷையில் இது ஒரு விசித்திரமான சொல். திருவிழாவில் வாணம் விடுவதை நின்று பார்ப்பதும் வேடிக்கை பார்ப்பதுதான். தெருவில் ஒருவனை நாலு பேர் அடிக்கும்போது ஒதுங்கி நின்று பார்ப்பதும் வேடிக்கை பார்ப்பதுதான். முதலாவதில் சந்தோஷம் இருக்கிறது. இரண்டாவது, ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பெரிய வசவு. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் போதுமானதாக இருக்கிறது? கண்ணின் வேலை இரண்டிலும் ஒன்றுதான் என்று நம் முன்னோர்கள் நினைத்தார்களோ என்னவோ.

வேடிக்கை பார்ப்பவர்களை நான் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கன்யாகுமரி எங்களுக்கு அடுத்த வீடு. விடியற்காலையில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். சூரியன் உதிக்கிறது. படகேறிப் பாறைக்குப் போகிறார்கள், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் சிலைக்குப் போகிறார்கள், சங்கும் சோழியும் வாங்குகிறார்கள், பஸ் கிளம்புகிறது. இவர்களுக்குக் கன்யாகுமரியில் என்ன தெரிந்திருக்கும் என்று நாங்கள் சிரிப்பதுண்டு. ஒரு முறை வடக்கேயிருந்து வந்த ஒரு கிழவியைப் பார்த்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அலையில் இறங்கினாள். ஒரு கை தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பஸ் ஹாரன் அடிக்கிறது, மகன் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் கண்டதை நான் அறுபது வருஷத்தில் கண்டிருக்கிறேனா என்பது எனக்குச் சந்தேகம். அன்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். ஆறு நாளில் ஜெனீவாவை என்ன பார்த்துவிட முடியும் என்ற கேள்வியும் அதனால் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தொந்தரவு செய்தது காகிதத்தில் ஐந்தாம் நாளுக்கு நேரே எழுதியிருந்த செஞ்சிலுவை மியூசியம்.

செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் காரணமான ஹென்றி டுனான்ட் ஜெனீவாக்காரர், வியாபாரி. அல்ஜீரியாவில் மாவு ஆலை வைத்திருந்தார். அதற்கு வேண்டிய நிலமும் தண்ணீரும் கிடைப்பதில் சர்க்கார் இழுத்தடிக்கவே, நேரே மூன்றாம் நெப்போலியனைக் கண்டு மனுக் கொடுப்பதென்று புறப்பட்டார். சக்கரவர்த்தியோ இத்தாலியில் யுத்தகளத்தில் இருந்தார். டுனான்ட் போய்ச் சேர்ந்தது 1859 ஜூன் 24-ந் தேதி, சால்ஃபரினோ போர் நடந்த அன்று. ஏறக்குறைய 40,000 பேர் ஒரே நாளில் செத்தும் காயம்பட்டும் விழுந்து கிடந்தார்கள். பக்கத்து ஊரின் தேவாலயத்தில் தரையெல்லாம் மனிதர்கள். வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். டுனான்ட் உடுத்தியிருந்தது உஷ்ணப் பிரதேசத்துக்கான வெள்ளை உடை. அதோடு தரையில் முழங்காலிட்டுத் தண்ணீர் கொடுத்தார், கட்டுப் போட்டார், ஊர்ப் பெண்களைத் திரட்டினார். பெயர் தெரியாத காயக்காரர்கள் அவரை வெள்ளை உடுப்புக்காரர் என்றார்களாம். 1862-ல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் மறு வருஷம் செஞ்சிலுவையும், 1864-ல் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன.

அந்தப் புத்தகத்தின் ஆரம்பத்தில் தம்மைப் பற்றி அவர் சொல்லிக்கொள்வதுதான் என்னை உலுக்கியது. தாம் வெறும் சுற்றுலாக்காரன், அந்தச் சண்டையில் தமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறார்!

இது முழுக்க உண்மையல்ல. மாவு ஆலை மனு சட்டைப்பையில் இருந்தது. அதை மறைக்கத்தான் அப்படி எழுதினாரோ என்னவோ, மனிதர்தானே! ஆனால் பிரயாணிகள் எத்தனையோ விதம் இருக்க, இந்தச் சொல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்? யோசித்துப் பார்த்தால், ஒரு கடமையும் இல்லாதவன் என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளும் ஒரே ஆசாமி அவன்தான். சிப்பாய்க்குக் கடமை உண்டு, வைத்தியனுக்கு உண்டு, பத்திரிகைக்காரனுக்குக்கூட உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவனிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. அப்படிப்பட்டவன் முழங்காலிட்டான் என்பதுதான் அந்தப் புத்தகம்.

இனி என் கதை. டுனான்டோடு சேர்த்துச் சொல்லத் தகுதியில்லாத சின்ன விஷயம். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கன்யாகுமரியில் கடல் பின்வாங்கியபோது அதை வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. பிறகு அது திரும்பி வந்தது. விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான யாத்ரிகர்கள் சிக்கிக்கொண்டார்கள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று எங்கள் ஜில்லாவின் கரையில் ஏறக்குறைய 800 பேர் மாண்டுபோனார்கள். எங்கள் ஊர் வழியாக ஓடும் பழையாறு மணக்குடியில்தான் கடலில் சேருகிறது. அங்கே இருந்த பாலத்தையே அலை பெயர்த்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் மணக்குடிக்குப் போனேன். சும்மா போகக் கூச்சமாக இருந்ததால் பழைய துணிகளை ஒரு பையில் திணித்து எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது துணிப்பை அல்ல, நுழைவுச் சீட்டு. அங்கே போனால் அதே மாதிரிப் பழந்துணி மைதானத்தில் குவிந்து கிடக்கிறது, சீந்துவாரில்லாமல். என்னையும் சேர்த்து உள்நாட்டிலிருந்து வந்த ஏகப்பட்ட பேர் மணலில் நடந்துகொண்டிருந்தோம். யாரும் உரக்கப் பேசவில்லை; மரியாதையாகத்தான் பார்த்தோம்.

இடிந்த வீடு ஒன்றின் பக்கத்தில் ஒருவர் தனியாக ஒரு படகுப் பலகையைப் புரட்ட முயன்றுகொண்டிருந்தார். அடியில் எதைத் தேடினாரோ, தெரியாது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்க" என்றார். பலகை முழுவதும் சேறு. நான் கட்டியிருந்தது சலவை வேட்டி. வேட்டியைப் பார்த்தேன். சத்தியமாக ஒரு கணம்தான், மடித்துக் கட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான். அதற்குள் வேறொரு இளைஞன் வந்து பிடித்துவிட்டான். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நான் யாரென்று அவர் தெரிந்துகொண்டுவிட்டார் என்று மட்டும் எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். அந்த வாரமே கடலோரத்துத் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நன்றாக இருந்ததென்று பலர் எழுதியிருந்தார்கள். பலகை அதில் வரவில்லை.

இதை நண்பரிடம் குளக்கரையில் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு யாராவது பணம் அனுப்பியிருப்பான் ஓய்" என்றார். "பாக்க ஆளில்லேன்னா சேதி ஏது? எல்லாரும் பலகையையே பிடிச்சிட்டு நிக்க முடியுமா?"

அதில் நியாயம் இருக்கிறது. டுனான்ட் அன்று சில நூறு பேருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார். உலகத்தை மாற்றியது அவர் பார்த்ததை எழுதியதுதான். ஆனால் அவர் முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு எழுதினார். எழுதப் போகிறோம் என்பதையே சாக்காக வைத்து நின்றுகொண்டிருக்கவில்லை. அந்த எழுத்துக்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. வியாபாரத்தைக் கவனிக்காமல் 1867-ல் திவாலானார். ஊர் அவரை ஒதுக்கியது. சங்கத்திலிருந்தும் விலக வேண்டியதாயிற்று. ஜெனீவாவை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1901-ல் முதல் நோபல் சமாதானப் பரிசில் பாதி அவருக்கு வந்தபோது, ஹைடன் என்ற மலையூரில் ஆஸ்பத்திரி அறையொன்றில் வயதான ஏழையாக இருந்தார். அங்கேயே 1910-ல் இறந்தார். இன்று அவருடைய ஊரில் அவருக்கு மியூசியமும் சீட்டும் இருக்கின்றன. காலையில் நீர்த்தாரையைப் பார்த்த அதே கண்ணோடு, மத்தியானம் அங்கே போய் உலகத்தின் காயங்களையெல்லாம் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். சேறு படாது. எனக்குப் பயம் அதுதான்.

ஐந்தாம் நாளை அடித்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். என்ன காரணம் என்றாள். டுனான்ட் கதையைச் சொன்னேன். பலகைக் கதையையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் கடற்கரை ஜனங்களை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவாள். பத்து நாள் அங்கே சோறு வடித்தாள். மணக்குடிக்கு அவள் போகவே இல்லை. "பாக்கணும்னு தோணல்லியா?" என்று கேட்டேன்.

"எங்க நேரம் இருந்துது?" என்றாள்.

பிறகு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மியூசியத்துக்கு அரை நாள் போதுமா என்று விசாரித்தாள். போதும் என்றேன். அங்கிருந்து ஏரிக்கரைக்குப் பஸ் உண்டா என்றாள். உண்டு என்றேன். என் பேனாவை வாங்கி, ஐந்தாம் நாள் சாயங்காலம் என்பதற்கு நேரே, கொஞ்சம் கோணலான தன் கையெழுத்தில் "பெஞ்சு" என்று எழுதினாள்.

பாரத்தில் சுற்றுலா என்பதற்கு நேரே குறி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு அனுப்பியாயிற்று.