கலயத்துச் சுண்ணாம்பும் சாவக நோன்பும்



தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊராகிய பெரியதாழையையும் அப்பகுதியின் செம்மணல் தேரிகளையும் கண்டோர், அங்குள்ள பனைகளை மறவார். பனையேறுவோர் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பின் கிடைப்பது பதநீர். தடவாவிடில் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்றே, சாறும் ஒன்றே. இடையே நிற்பது சிறிதளவு சுண்ணாம்பே.

"அளவாகக் குடித்தால் இதயத்திற்கு நல்லதாமே!" என்று நெஞ்சுவலி கண்ட பெரியவரிடம் நண்பர் கூறுகின்றனர், வெளியூரில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் விருந்துகளில் இதனைக் கேட்கின்றனர். மறுமொழி அறியாதவிடத்து நோன்பு தளர்கிறது. ஆகவே இதனை ஆராய்தல் நம் கடமையாகும்.

கொழுப்பு மிகுந்த உணவு உண்ணும் பிரெஞ்சு மக்களிடம் மாரடைப்பு குறைந்திருப்பதற்குத் திராட்சை மது காரணமாகலாம் என 1992இல் ஆய்வாளர் எழுதினர். குடியாதவரைவிட அளவாகக் குடிப்பவர் நலமுடன் இருப்பதாகப் பல கணக்குகளும் காட்டின. ஆனால் அக்குடியாதவர் கூட்டத்தில், நோயுற்றபின் குடியை விட்டவரும் கலந்திருந்தனர் என்பதை 1988இலேயே பிரிட்டன் ஆய்வாளர் சுட்டியிருந்தனர். நோயுற்றோரோடு ஒப்பிட்டால் எவரும் நலமுடையராகவே தோன்றுவர் அன்றோ?

நம் நாட்டுத் தொழிற்கூடங்களைச் சார்ந்த 4,465 ஆண்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, என்றுமே குடியாதவரோடு ஒப்பிட்டது. குடிப்பவருக்கு இதயக் காப்பு எதுவும் காணப்படவில்லை. பாதுகாப்பான மது அளவென ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

எனினும் ஆய்வாளரிடையே விவாதம் முடிந்துவிடவில்லை. நாளை ஓர் ஆய்வு வேறு கூறினும் நம் நோன்பு அசைய வேண்டுவதில்லை. ஏனெனில் அது உடல்நலக் கணக்கின்மீது எழுந்ததன்று. சமந்தபத்திராசாரியர், கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலை இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களுள் வைத்தருளினார். மதுவால் மயங்கிய மனம் அறத்தை மறந்து அஞ்சாது இம்சை செய்யும் என்றும், மது பல உயிர்களின் பிறப்பிடம் என்றும் அமிர்தசந்திராசாரியர் காரணம் காட்டினார். புளித்தல் நுண்ணுயிர்களின் செயல் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். உயிர்க்கொலையில் "அளவு" என்னும் சொல்லுக்கு இடமேது?

இதயத்தைக் காக்க நாள்தோறும் நடப்போம், உப்பைக் குறைப்போம், புகையிலையை விலக்குவோம், மருத்துவர் தரும் மருந்தைத் தவறாது உண்போம். குடிக்கு அடிமையான உறவினர் இருப்பின் இகழாதீர். நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே இடராகலாம்; ஆதலின் மருத்துவரிடம் அழைத்துச் சென்று உடன் நில்லுங்கள்.

புளித்தபின் சுண்ணாம்பு தடவிப் பயனில்லை; நோன்பும் முன்னரே ஏற்கத்தக்கது. ஆயினும் நேற்றுப் புளித்த கலயத்தையும் கழுவி, இன்று சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டலாம்.

வாழ்க அருகன் அறம்! வளர்க அஹிம்சை!