காது கொடுக்க ஓர் ஆள்

ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற செவிலியராக வேலை பார்க்க, பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை தேற வேண்டும். நர்சிங் முடித்துவிட்டு அந்த நாட்டைக் கனவு காணும் நம் பெண்களில் பலர், நைட் டியூட்டிக்கும் தூக்கத்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள்.

அவர்களுக்குக் கிடைக்கும் நல்ல துணைகளில் ஒருவன் நீக்கோ. ஜெர்மன் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு நிறுவனத்தின் ‘நீக்கோஸ் வேக்’ என்ற இலவச வீடியோ பாடத்தொடரின் நாயகன் அவன். ஸ்பெயினிலிருந்து வந்து இறங்குகிறான். விமான நிலையத்தில் எம்மா என்ற சிறுமி தன் பெயரைச் சொல்லி, அவன் பெயரைக் கேட்கிறாள். தட்டுத் தடுமாறிப் பதில் சொல்கிறான். பை தொலைந்துபோகிறது, அத்தை வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், மொழியோ அரைகுறை. இலக்கணம் இந்தத் தவிப்பின் ஊடாகவே வருவதால் மனதில் நிற்கிறது. தொடக்க நிலையான ஏ1 முதல் பி2க்கு முந்தைய பி1 வரை மொத்தமும் இலவசம்.

இதைப் போல இன்னும் எத்தனையோ. லிப்ரிவாக்ஸ் தளத்தில் 2005 முதல் தன்னார்வலர்கள் காப்புரிமை தீர்ந்த நூல்களைப் பல மொழிகளில் வாசித்துப் பதிவேற்றிவருகிறார்கள். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ஆங்கி என்ற மென்பொருள், ஒரு சொல்லை நாம் மறக்கப்போகும் தறுவாயில் மறுபடி கண்முன் நிறுத்துகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அதற்குக் காசு கிடையாது. ஒரு தலைமுறைக்கு முன்பு பெருநகரத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே எட்டிய படிப்பு, இன்று டேட்டா உள்ள எவருக்கும் எட்டுகிறது. இது மிகப் பெரிய நன்மை.

ஆனாலும் மாதக்கணக்கில் செயலியில் படித்த பலர், எதிரே ஒரு மனிதர் வந்து உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகிறார்கள்.

எதிரே ஓர் ஆள் இருப்பதன் அருமையை ஒரு பழைய கதை காட்டுகிறது. பிற்காலத்தில் ட்ராய் நகரைத் தேடி அகழாய்வு செய்த ஹைன்ரிச் ஷ்லீமன், 1844இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனத்தின் இளம் ஊழியர். ரஷ்ய மொழி கற்க விரும்பினார்; சொல்லித்தர ஊரில் ஆள் கிடைக்கவில்லை. பழைய இலக்கண நூல் ஒன்று, ஓர் அகராதி, ஒரு பிரெஞ்சுக் கதையின் மோசமான ரஷ்ய மொழிபெயர்ப்பு: இவைதான் கையில் இருந்தவை. அந்தக் கதையை மனப்பாடம் செய்தார்; ஒப்பிப்பதைக் கேட்க ஒருவர் இருந்தால் வேகமாக முன்னேறலாம் என்று தோன்றியது. உடனே ஓர் ஏழை யூதரை வாரம் நான்கு பிராங்கு கூலிக்கு அமர்த்திக்கொண்டார். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் அவர் வந்து உட்கார்ந்து, ஷ்லீமன் ஒப்பிப்பதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவருக்கோ ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது! சத்தம் தாங்காமல் மற்றக் குடித்தனக்காரர்கள் புகார் செய்ய, இரண்டு முறை வீடு மாற வேண்டியிருந்ததாம். ஆறு வாரத்தில் ஒரு ரஷ்ய அவுரி வியாபாரியின் லண்டன் முகவருக்கு ரஷ்ய மொழியில் கடிதம் எழுதிவிட்டதாக ஷ்லீமனே குறிப்பிடுகிறார். தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர் என்ற பேர் அவருக்கு உண்டு. ஆறு வாரக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால், ஏழை இளைஞர் ஒருவர் காசு கொடுத்து வாங்கியது வெறும் காதுகளை என்பது யோசிக்கத் தக்கது.

செயலியின் முன் யாருக்கும் கூச்சம் வருவதில்லை. தப்பாகச் சொன்னால் ஒரு சிவப்புக் குறி, மறு முயற்சி, முடிந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வார்டில் வலியோடு படுத்திருக்கும் முதியவர் இரண்டாம் முறை கேட்கும்போது, முகம் சிவக்க, வேறு சொற்களில் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அந்தக் கூச்சத்தைத் தாண்டிப் பழகுவது மனிதர் முன்னால்தான் முடியும்.

தேர்வும் இதைத்தான் கேட்கிறது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கொய்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். பேச்சுத் தேர்வுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்தே உட்காருகிறார்கள். ஒரு விஷயத்தை இருவரும் கலந்து பேசித் திட்டமிட வேண்டும். பிறகு ஒருவர் ஒரு தலைப்பில் பேச, மற்றவர் கேள்வி கேட்க வேண்டும்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த தன் தூதரக அதிகாரிகள் ஜெர்மன் மொழியில் நன்கு தேற, அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் போடும் கணக்கு 800 வகுப்பு மணி நேரத்துக்கும் மேல். தினம் அரை மணி என்றால் நான்கு வருடத்துக்கும் மேல். அதில் ஒரு பங்கையாவது வாய்விட்டுப் பேசுவதற்கு ஒதுக்காவிட்டால், படித்தது கண்ணோடும் காதோடும் நின்றுவிடும்.

ஆள் கிடைப்பது நினைப்பதுபோல் அரிதும் இல்லை. கொய்தே நிறுவனமே மாதிரி வினாத்தாள்களை இலவசமாகத் தருகிறது. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேர் அதை வைத்துக்கொண்டு தினமும் கால் மணி நேரம் பேசிப் பார்க்கலாம். பிழை திருத்த ஜெர்மன்காரரே வேண்டுமென்றால், மொழிக்கு மொழி கொடுக்கும் வழி இருக்கிறது: பாதி நேரம் அவர் மொழி, மீதி நேரம் நம் மொழி. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் சொல்லித்தருகிறார்கள். அங்கே படிப்பவர்களும் தமிழில் பேசிப் பழக ஆள் தேடத்தானே வேண்டும்?