பாராட்டுக்கு மறுநாள்

  



நம் சங்கத்தின் உதவி பெற்றுப் பயின்ற பிள்ளைகள் தேர்வில் தேறினர். அவர்களைப் பாராட்டுதற்கென இக்கூட்டம் கூட்டப்பெற்றது. ஆயினும் இஃது வேண்டுமா என்று நம்முள்ளேயே இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. ஒரு தேர்வில் தேறியதற்கு மாலையும் மேடையுமா, பிள்ளைகளுக்குத் தலைக்கனம் ஏறிவிடாதா என்றனர் சில பெரியோர். "நாங்கள் வறியவர்கள் என்பதை ஊரறியச் சொல்லி எங்கள் பிள்ளையை மேடையில் நிறுத்த வேண்டுமா?" என்று கேட்டார் ஒரு தாய். இவ்விரண்டும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. இவற்றிற்கு விடை கூறாமல் மாலை சூட்டுவோமாயின், நாம் செய்வது வெறும் சடங்காகும். சடங்கை விட்டு அறத்தைப் பற்றியவர்கள் நாம். ஆதலின் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதல் ஆட்சேபம் புதியதன்று. நம் வழிகாட்டியாகிய பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தையாரே அதனை எழுப்பியிருக்கிறார். 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலுக்காக 1956ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையொன்றில் பாபாசாகேப் அந்நிகழ்ச்சியைக் கூறுகின்றார். பள்ளியில் ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வில் அவர் தேறியபோது, அவருடைய சமூகத்தார் பொதுக்கூட்டம் கூட்டிப் பாராட்ட விரும்பினர். பிற சமூகங்களில் அஃது ஒரு பொருட்டே அன்று. ஆனால் அவர்தம் சமூகத்தில் அந்நிலையை எட்டிய முதற்பிள்ளை அவரே. தந்தையார் இராம்ஜி இசையவில்லை. பையன் ஒரு தேர்வில் தேறினான், அவ்வளவே. பாராட்டினால் கருவம் கொள்வான் என்று மறுத்துவிட்டார். கூட்ட விரும்பியோர், அவருடைய நண்பரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளூஸ்கரிடம் சென்றனர். கேளூஸ்கர் வேறு சமூகத்தவர். அவர் வந்து வாதாடித் தந்தையாரை இசைவித்தார். கூட்டம் நடந்தது. கேளூஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் சரித்திரத்தை அப்பிள்ளையின் கையில் பரிசாகக் கொடுத்தார். வாழ்க்கை வரலாறு எழுதியோர் இக்கூட்டத்தை 1907ஆம் ஆண்டின் மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பின் நிகழ்ந்ததாகக் கூறுவர். எத்தேர்வாயினும் ஆகுக, கொடுக்கப்பட்ட பரிசு எதுவென்பதில் ஐயமில்லை.

அந்த ஒரு புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். அது படிக்கப்பட்டது, மனத்தில் தைத்தது, 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மத்தைத் தழுவிய நாள் வரையில் அது அவருள் வேலை செய்தது. அன்று அத்தந்தையார் இசையாதிருந்தால், அல்லது ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பியிருந்தால், நம் வரலாறு எவ்வாறிருந்திருக்கும்? ஆதலின் பாராட்டு தீதன்று. எதைக் கொடுத்துப் பாராட்டுகிறோம் என்பதே கேள்வி.

இன்னுமொன்று. 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282 என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். நூற்றுக்கு 38ஐ எட்டாத எண்! இன்று மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு மட்டுமே என்று முகம் வாடி அமர்ந்திருக்கும் பிள்ளை யாரேனும் உண்டாயின், அவ்வெண்ணை நினைவிற் கொள்க. பரேலில் ஒரே அறை கொண்ட குடியிருப்பில், அடுப்பும் படுக்கையும் ஒன்றாய்க் கிடந்த இடத்தில், தந்தை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து மகனை எழுப்பிப் படிக்கச் செய்தார். பணமில்லாதபோது மணமாகிச் சென்ற புதல்வியரிடம் நகையை இரவல் வாங்கி, அதனை அடகு வைத்து, மகன் கேட்ட புத்தகத்தை வாங்கிக் கொடுத்தார்; ஓய்வூதியம் வந்தபின் மீட்டுக் கொடுத்தார். அந்த 282இல் தந்தையின் தூக்கமும் தமக்கையரின் நகையும் அடங்கியிருந்தன. உங்கள் மதிப்பெண்ணிலும் அத்தகையவை அடங்கியுள்ளன. அவற்றை அறிந்த பிள்ளைக்குத் தலைக்கனம் எங்ஙனம் வரும்? தன்னால் மட்டுமே உயர்ந்தேன் என்று எண்ணுகின்றவனுக்கே கருவம் வரும். தன் உயர்வு எவரெவரைச் சார்ந்து தோன்றிற்று என்று காண்பவனை அது அணுகாது. யாவும் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றும் என்று பகவன் போதித்தது ஏட்டிற்கு மட்டும் உரியதன்று. உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கும் உரியது.

தமக்கையரின் நகை என்றேன். பெற்றோர்களே, இதனையும் கேளுங்கள். நம் வீடுகளில் இன்றும் தம்பியின் படிப்புக்காக அக்காளின் படிப்பு நிறுத்தப்படுகின்றது. நகையைக் கொடுத்த கைகளுக்கே புத்தகமும் உரியது. இங்கு மாலை பெறும் பெண்மக்களின் படிப்பு, திருமணப் பேச்சு வரும் வரைக்குமான பொழுதுபோக்கு அன்று.

இனி, பாராட்டுக்கு மறுநாள் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். இன்று யான் சொல்ல வந்ததே அது. மெட்ரிகுலேஷன் தேறிக் கல்லூரியில் சேர்ந்த அம்மாணவரை மேற்கொண்டு படிக்க வைக்கத் தந்தையாரிடம் பொருளில்லை. அப்போது கேளூஸ்கர், யான் என் கடமையைச் செய்துவிட்டேன், கூட்டத்தில் பேசினேன், புத்தகமும் கொடுத்தேன் என்று ஓய்ந்திருக்கவில்லை. அவ்விளைஞரைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துச் சென்றார். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். அதனால் எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நிறைவுற்றது. பின்னர் 1913இல் அதே பரோடாவின் உதவியால் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்லவும் வழி பிறந்தது. மாலை ஒரு நாளில் வாடும். மறுநாள் காலை அப்பிள்ளையோடு கல்லூரி வாயில் வரை நடந்து செல்பவர் யார்? அவரே உண்மையிற் பாராட்டியவர்.

மும்பையில் வாழும் தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு இது மிகவும் வேண்டப்படுவது. நம் முன்னோர் தாராவிக்கும் லேபர் கேம்புக்கும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். தோல் பதனிடும் தொழிலிலும் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். ஆலையிலும் சாதி இருந்தது. நூற்புப் பகுதியில் தீண்டத்தகாதார் எனப்பட்டோரைச் சேர்த்தனர்; கூலி மிகுந்த நெசவுப் பகுதியிலோ சேர்க்கவில்லை. தறியின் நாடாவில் இழையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அதே நாடாவைப் பிறரும் வாயில் வைக்க நேரும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். 1920களின் இறுதியில் நடந்த வேலைநிறுத்தக் காலத்தில் பாபாசாகேப் இவ்வநீதியை எடுத்துரைத்தார். யானும் நூற்புப் பகுதியில் நின்று வேலை செய்தவன். ஆலைச் சங்கு ஓய்ந்த பின்னரே எழுத்தோடு அமர்ந்தவன். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டன. தந்தைக்குப் பின் மகன் என்று ஆலையில் நுழையும் வழியும் அடைபட்டது. நூல் நூற்ற கைகளின் பிள்ளைகளுக்கு இனி நூல் கற்பதன்றி வேறு முதல் இல்லை.

அரசின் உதவி இல்லையோ எனின், உண்டு. ஆயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் பௌத்தர் இடம்பெற 1990 வரை காத்திருக்க நேர்ந்தது. அதே 1990இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று: ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் வேறொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அங்கே பட்டியல் சாதியினருக்குரிய சலுகையைக் கோர இயலாது. ஒரு கதவு திறந்த ஆண்டிலேயே குடிபெயர்ந்தோர்க்கு மற்றொரு கதவு அடைபட்டது. எந்த மாநிலத்தின் சான்றிதழ், எந்த ஆண்டு முதற்கொண்டு குடியிருப்பு என்று அலுவலகம் அலுவலகமாய் அலையும் தந்தையர் நம்முள் உளர். அவர்கள் அலைந்து முடிப்பதற்குள் கல்லூரியில் சேரும் நாள் கடந்துவிடுகின்றது. அவ்விடைவெளியில்தான் பிள்ளை கூலி வேலைக்குப் போகின்றான்; போனவன் திரும்புவது அரிது. நம் சங்கத்தின் சிறு நிதி அந்த இடைவெளியில் போடப்படும் பாலமாகும்.

இப்போது அத்தாயின் கேள்விக்கு வருகின்றேன். உதவி பெற்ற பிள்ளையை ஏழை என்று மேடையில் நிறுத்தலாமா?

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை நாம் அறிந்ததே. தாயால் கைவிடப்பட்ட அவன், வேள்விப் பசுவை விடுவித்தமைக்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்டான். மதுரையில் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, இரந்து பெற்ற சோற்றைக் கண்ணற்றோர்க்கும் முடவர்க்கும் ஊட்டி வந்தான். மழை பெய்த ஓரிரவில் பசித்து வந்தோர்க்குக் கொடுக்க ஏதுமின்றி அவன் தவித்தபோது, சிந்தாதேவி தோன்றி அமுதசுரபியை அவன் கையிற் கொடுத்தாள். சிந்தாதேவி கலைக்குரிய தெய்வம். பசி தீர்க்கும் பாத்திரம் கலைக்கோயிலிலிருந்து வந்தது என்பதைக் கருதுக. கதையின் பிற்பகுதி இன்னும் ஆழமானது. நாடு செழித்து, உணவு வேண்டுவோர் இல்லாமற் போயினர். ஆபுத்திரன் கொள்வோரைத் தேடிக் கடல் கடக்கப் புறப்பட்டான். மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டான். கொள்வார் இல்லாத இடத்தில் அப்பாத்திரத்தால் தன்னை மட்டும் வளர்த்து வாழ அவன் விரும்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

இதன் பொருள் யாது? கொள்வோர் இல்லையேல் கொடுப்போரின் அமுதசுரபியும் வெற்று ஓடே. ஆதலின் தாயே, உம் பிள்ளை எங்களிடம் கடன்பட்டதில்லை. எங்கள் கொடைக்குப் பொருள் தந்த உம் பிள்ளையிடம் நாங்களே கடன்பட்டோம். கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு என்னும் மூன்றையும் கொடையாளர்க்கு உரியனவாகப் பகவன் வகுத்தார். நான்காவதாக நினைவூட்டல் என்ற ஒன்றை அவர் சேர்க்கவில்லை. இன்னார் பணத்தில் இன்னார் படித்தார் என்று இம்மேடையில் வாசிக்கப்படுமாயின், அது கொடையின் மேல் எழுதப்படும் வட்டிக் கணக்கு. ஆகவே பிள்ளையின் பெயரும் கொடுத்தவர் பெயரும் ஒருசேர வாசிக்கப்படலாகாது என்பது என் விண்ணப்பம். தேறியோர் அனைவரும் ஒரே வரிசையில் நிற்க. உதவி பெற்றோர் எவர், பெறாதார் எவர் என்பது கணக்கேட்டில் மட்டும் இருக்க.

இவ்விடத்தில் வராத பிள்ளைகளையும் நினைக்கின்றேன். தேர்வில் தவறியவர்கள் இன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சூளபந்தகர் என்னும் பிக்கு நான்கு மாதங்கள் முயன்றும் ஒரு பாட்டை மனப்பாடம் செய்ய மாட்டாதவராயிருந்தார். உடன்பிறந்த தமையனாரே அவரை விகாரையிலிருந்து வெளியேறச் சொன்னார். வாயிலில் அழுது நின்றவரைப் பகவன் கண்டு, ஒரு தூய வெண்டுணியைக் கொடுத்து, அதனைக் கையால் தடவிக்கொண்டே அழுக்கு நீங்குக என்று சிந்திக்கச் சொன்னார். துணி கையழுக்கால் மங்கிற்று. அதைக் கண்ட அவர் உள்ளம் விளங்கிற்று. அன்றே அருகநிலை எய்தினார். ஏட்டில் தோற்றவரைத் தூக்கி எறியாமல், அவருக்கு ஏற்ற பாடம் எது என்று தேடியவர் நம் ஆசான். எனவே தவறிய பிள்ளையின் வீட்டிற்கு நாம் முதலில் செல்லுதல் வேண்டும். மறுதேர்வுக் கட்டணம் நம் நிதியின் முதற்செலவாகுக; இன்றைய சிற்றுண்டிச் செலவு அதன் பின்னதாகுக.

செல்வங்களே! உங்களிடம் கேட்பது ஒன்றே. சாக்கிய குமாரர் பலர் துறவு பூண வந்தபோது, தம் குலச் செருக்கு அடங்கும்பொருட்டுத் தம் நாவிதராகிய உபாலிக்கு முதலில் துறவளிக்குமாறு பகவனை வேண்டினர். அவ்வாறே அவருக்குப் பின் நின்று அவரை வணங்கினர். பின்னாளில் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் விநய நெறியை எடுத்தோதியவர் அந்த உபாலியே. பின்னே நின்றவரை முன்னே நிறுத்துவதே நம் சங்க மரபு. ஆதலின் வாரத்தில் ஒரு மணி நேரம், உங்களுக்குப் பின்னே வரும் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ கணக்கும் மொழியும் கற்பியுங்கள். நீங்கள் பெற்றதைத் திருப்பித் தர வேண்டிய இடம் எங்கள் கை அன்று, அக்குழந்தையின் கை.

கொடையாளர்களே! இன்று இங்கே கொடுக்கப்படும் ஒவ்வொரு மாலைக்கும் ஒரு மனிதர் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். விண்ணப்பத்தை நிரப்பவும், சான்றிதழுக்கு அலையவும், கட்டணம் கட்டவும், அப்பிள்ளை அடுத்த படியில் கால் வைக்கும் வரையில் உடன் செல்லுங்கள். கேளூஸ்கர் என்னும் ஒரு மனிதர் மறுநாளும் வந்தமையாலேயே நாம் இன்று பௌத்தராய் இங்கு அமர்ந்திருக்கின்றோம்.

கற்ற பிள்ளைகள் கருவமின்றி வளர்க! தவறிய பிள்ளைகள் தளர்வின்றி எழுக! கொடுத்தோர் நெஞ்சு நிறைவு பெறுக! சகல ஜீவர்களும் துன்பம் நீங்கிச் சுகம் பெறுக!

சாது! சாது! சாது!