கொடியில் காயும் துணி

திருமானூர் வீட்டில் அம்மா தீட்டுத்துணியை மாட்டுக்கொட்டகை இருட்டில்தான் உலர்த்துவாள். வெயில் படாத துணி தொடையைப் புண்ணாக்கும். அந்த இருட்டிலிருந்து என்னை மீட்டது நாப்கின்.

நாற்பதைக் கடந்து துணி நாப்கினுக்கே திரும்பினேன்; மாதவிடாய்க் கப்பும் பழகினேன். கொள்ளிடக் கரையில் ஒதுங்கும் நாப்கின்களை யாரோ ஒரு தூய்மைப் பணியாளர்தான் கையால் அள்ளுகிறார். அந்தக் குற்றவுணர்வு எனக்குண்டு.

ஆனால் இதை என் மாணவியிடம் அறமாகச் சொல்லலாமா? 2011இல் அறிவிக்கப்பட்ட ‘புதுயுகம்’ திட்டத்தின் இலவச நாப்கினால்தான் அவள் பள்ளியில் நிம்மதியாக உட்கார்ந்தாள். கப்பைக் கழுவத் தாழ்ப்பாளுள்ள கழிப்பறை வேண்டும். துணி காய வெயிலில் ஒரு கொடி வேண்டும். இரண்டும் அவளுக்கு இல்லை. கேரளத்தின் கும்பளங்கி, பெண்களுக்குப் பயிற்சியும் கப்பும் கொடுத்த பிறகே 2022இல் நாப்கின் இல்லாத ஊரானது. வசதியைத் தராமல் பொறுப்பை மட்டும் கேட்பது அறமல்ல, இன்னொரு தீட்டு.

நான் செய்யக்கூடியது ஒன்று: என் துணியை மொட்டைமாடியில், கணவரின் சட்டைக்குப் பக்கத்தில் காயப்போடுகிறேன். அம்மா முதலில் முகம் சுளித்தாள். நேற்று, நன்றாகக் காயட்டும் என்று அவளே திருப்பிப் போட்டிருந்தாள்.