முதலில் நிதானம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையை அடுத்த லாஸ்பேட்டையில் விமானம் இறங்கும்போது அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளே! இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை 1929-இல் ஜே.ஆர்.டி. டாட்டா பெற்றார். இன்று 17 வயது நிரம்பியவர், உடல்தகுதியும் எழுத்துத் தேர்வில் தேர்ச்சியும் 40 மணி நேரப் பறத்தல் அனுபவமும் இருந்தால் தனியார் விமானி உரிமம் பெறலாம். ஆனால் வானிலும் ஒரு தேர்வு உண்டு.

அதில் தேர்வாளர் திடீரென்று என்ஜின் விசையைக் குறைத்துவிடுவார். தேறுகிறவர் பதற மாட்டார். முதலில், விமானம் காற்றில் சறுக்கி இறங்குவதற்கான வேகத்தைப் பிடிப்பார். அடுத்து, இறங்கத் தோதான வெளியைத் தேர்ந்தெடுப்பார். அதன் பிறகே கோளாறைத் தேடுவார், வானொலியில் தகவல் சொல்வார்.

வேலை போனாலும் வியாபாரம் படுத்தாலும் இதே வரிசைதான். முதலில் நிலைகுலையாமல் இருங்கள். யார் மேல் தவறு என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.