சவுக்குக் கிளையும் காடாத் துணியும்

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் ஜெபக் கூட்டத்தில் யாராவது எரேமியா பத்தாம் அதிகாரத்தைத் திறந்துவிடுவார்கள். காட்டு மரத்தை வெட்டி, வெள்ளியும் பொன்னும் பூட்டி, அசையாதபடி ஆணியடிப்பதைத் தீர்க்கதரிசி கண்டிக்கிறாரே, விசுவாசி வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் எதற்கு என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. தேவனுக்குரிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற பயம் அது. நல்ல பயம்.

எரேமியா பேசுவது செதுக்கிக் கும்பிடும் விக்கிரகத்தைப் பற்றி. கிறிஸ்துமஸ் மரமோ 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மன் பேசும் ஊர்களில் வழக்கமானது. 1848-ல் விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆனால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லி நழுவ எனக்கு மனமில்லை. அழகுபடுத்துவது பக்தியில் சேர்ந்ததா, பக்திக்குத் தடையா? கேள்வி அங்கேயே நிற்கிறது.

காரவள்ளியில், கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கும் அடிவாரத்தில், எங்கள் வீட்டு மரம் ஒரு சவுக்குக் கிளை. பழைய பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி அதில் ஊன்றுவேன். தொங்குவதெல்லாம் காடாத் துணியில் கையால் தைத்தவை: நட்சத்திரம், ஆட்டுக்குட்டி, புறா. கொல்லிமலைக் காப்பித்தூளில் கெட்டியாக டிகாஷன் போட்டு, துணியை அதில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினால் மண் நிறம் ஏறிவிடும். சிவப்பு நூலில் சங்கிலித் தையல், ஓரத்துக்குக் காஜா தையல், உள்ளே இலவம்பஞ்சு, வாசனைக்கு இரண்டு கிராம்பு. ஜிகினாவும் சீரியல் பல்பும் கிடையாது.

தையலில் கடினமான இடம் கடைசி இடம். பஞ்சு திணித்த வாயை மூடி, முடிச்சுப் போட்டு, நூலைக் கத்தரிக்க வேண்டும். அதோடு கோணல் கோணல்தான். தைக்காதவரை நட்சத்திரம் மனதில் எவ்வளவு அழகாகவும் இருக்கலாம். தைத்து முடித்தது உள்ளங்கையளவுதான். ஐந்து முனையும் ஐந்து விதம். பாதியில் விட்ட துணிகள் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. நேரமில்லாதது ஒரு காரணம். முடித்தால் நம் கையின் அளவு தெரிந்துவிடுமே என்ற தயக்கம் இன்னொன்று.

பெத்லகேமை நான் புரிந்துகொள்வது இந்த இடத்திலிருந்துதான். அளவில்லாதவர் அளவுக்குள் வந்தார். ஒரு சிற்றூர், ஒரு தாய், கையில் தூக்கக்கூடிய ஓர் உடம்பு. வானமெல்லாம் வெளிச்சமாக இருந்தும், மேய்ப்பர்களுக்குத் தூதன் சொன்ன அடையாளம் துணியில் சுற்றிய பிள்ளை. யாரோ நெய்த துணி அது. யாத்திராகமம் 28-ல் ஆரோனுக்கு உடை தைப்பவர்களை ஞானத்தின் ஆவியால் நிரப்பியதாகத் தேவனே சொல்கிறார். யோப்பாவில் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டியது அவள் தைத்துத் தந்த உடைகளை. ஆகவே கைவேலை பரிசுத்தத்துக்கு வெளியே நிற்பதல்ல. சிறியதாகவும் கோணலாகவும் ஒன்றைச் செய்து முடித்து இன்னொருவர் கையில் கொடுப்பது, கிறிஸ்துமஸின் இயல்போடு ஒத்துப்போகிற காரியம்.

எங்கள் மலைமேல் வாழ்ந்த மிஷனரி ஈவ்லின் பிராண்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. இளமையில் ஓவியம் பயின்றவர். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் பிறந்த அவர்கள் மகன்தான். 1929-ல் கணவர் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். இப்பகுதியின் ஐந்து மலைத்தொடர்களுக்கும் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று இருவரும் நினைத்த வேலை பாதியில் நின்றது. எழுபதை நெருங்கும் வயதில் ஈவ்லின் அதைத் தனியாகக் கையில் எடுத்தார். மூங்கில் தடிகளை ஊன்றி நடந்தார். 1974-ல், 95 வயதில் இறந்தார். கடைசி இருபது வருஷம் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. அழகை அறிந்த ஒருவர், அதைத் தன் பக்கம் திருப்ப மறுத்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அலங்காரத்துக்கு வேறு சோதனை வேண்டாம். அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் அசந்துபோகட்டும் என்று கட்டிய மரத்தில் எரேமியாவின் எச்சரிக்கை பலிக்கத்தான் செய்யும், அதற்கு முன்னால் யாரும் விழுந்து கும்பிடாவிட்டாலும்.

கிறிஸ்துமஸ் நாட்கள் ஜனவரி 6-ஓடு முடிந்ததும், தைத்தவற்றையெல்லாம் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். காய்ந்த கிளையை ஒடித்து வெந்நீர் அடுப்பில் வைப்பேன். ஏசாயா 44-ல் ஒருவன் மரத்தில் பாதியை எரித்துக் குளிர்காய்கிறான், மீதியைத் தெய்வமாக்கி வணங்குகிறான். எங்கள் வீட்டில் வணங்குவதற்கு மீதி வைப்பதில்லை. கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மரம் வையுங்கள், உங்கள் கையால் செய்யுங்கள், செய்ததை முடியுங்கள், முடித்ததைக் கொடுத்துவிடுங்கள்.